புது மதர்போர்டு போட்டாயிற்று, பழைய ஹார்டு டிஸ்க்கை என்ன செய்வது? ஆறு வழிகள், ஓர் ஒப்பீடு

விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. ஆறாம் தலைமுறை இன்டெல் செயலியில் ஓடிக்கொண்டிருந்த கணினிகளுக்கு விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக இடம் தரவில்லை. அதனால் மதர்போர்டு, செயலி, ரேம் மூன்றையும் மாற்றி, கூடவே ஒரு என்விஎம்இ எஸ்எஸ்டியும் (சுழலும் தட்டில்லாத வேகமான சேமிப்பகம்) வாங்கிப் போட்டவர்கள் எனக்குத் தெரிந்தே பலர். வேலை முடிந்த பிறகு எல்லோர் மேசையிலும் ஒரே பொருள்தான் மிஞ்சுகிறது. எட்டுப் பத்து ஆண்டுகள் உழைத்த 1 டிபி ஹார்டு டிஸ்க். தூக்கிப் போட மனம் வரவில்லை, எதற்குப் பயன்படுத்துவது என்றும் தெரியவில்லை என்று கேட்கிறார்கள்.

இந்தக் கேள்வியை அவசரமாக முடிக்கக் கூடாது என்பதற்கு எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. அந்த டிஸ்க்கில் பெரும்பாலும் ஒரு குடும்பத்தின் பத்து ஆண்டுப் புகைப்படங்கள் இருக்கும், வேறெங்கும் பிரதி இருக்காது. எனவே வழிகளைப் பார்ப்பதற்கு முன், எதை வைத்து முடிவு செய்வது என்பதைப் பார்த்துவிடுவோம்.

## எதை வைத்து முடிவு செய்வது

முதலாவது, டிஸ்க்கின் உடல்நிலை. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச நிரலை நிறுவித் திறந்தால் டிஸ்க் தன்னைப் பற்றி எழுதி வைத்திருக்கும் குறிப்புகள் வரிசையாகத் தெரியும். அதில் நான்கு வரிகளைப் பாருங்கள். 05 என்பது கெட்டுப்போய் மாற்றிடம் கொடுக்கப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை. சி5 என்பது படிக்க முடியாமல் முடிவுக்குக் காத்திருக்கும் பகுதிகள். சி6 என்பது திருத்தவே முடியாதவை. இந்த மூன்றும் சுழியமாக இருக்க வேண்டும். சி7 ஏறியிருந்தால் பெரும்பாலும் கேபிள்தான் குற்றவாளி, மாற்றிப் பாருங்கள். இந்த நிரல் எண்களை இயல்பாகப் பதினாறடிமான முறையில் காட்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். அங்கே 10 என்றிருந்தால் உண்மையில் 16. சீகேட் டிஸ்க்குகளில் 01, 07 ஆகிய வரிகளில் பயமுறுத்தும் பெரிய எண்கள் இருக்கும். அது அந்த நிறுவனம் கணக்கு வைக்கும் முறை, கவலை வேண்டாம்.

நான்கும் சுத்தமாக இருந்தாலும் முழு நம்பிக்கை வைத்துவிட முடியாது. கூகுள் தன் டிஸ்க்குகளை ஆராய்ந்து 2007இல் வெளியிட்ட கட்டுரையில், செயலிழந்தவற்றில் 36 சதவீதத்துக்கும் மேற்பட்டவை வெப்பநிலை தவிர வேறு எந்தக் குறிப்பிலும் முன்னறிவிப்பே தராமல் போனவை என்று இருக்கிறது. கெட்ட அறிக்கை வந்தால் நம்புங்கள். நல்ல அறிக்கை வந்தால் பாதி நம்புங்கள்.

இரண்டாவது, உள்ளே இருப்பதற்கு வேறு பிரதி இருக்கிறதா என்பது. இல்லையென்றால் கீழே சொல்லும் எந்த வழியையும் தொடங்காதீர்கள். முதலில் நகல் எடுங்கள்.

மூன்றாவது, அளவு. மேசைக் கணினியின் 3.5 அங்குல டிஸ்க்குக்கு 5 வோல்ட், 12 வோல்ட் இரண்டும் வேண்டும். லேப்டாப்பின் 2.5 அங்குல டிஸ்க்குக்கு 5 வோல்ட் போதும். இந்த ஒரு வித்தியாசத்தால் செலவுக் கணக்கே மாறிவிடும்.

நான்காவது, நாளுக்கு எத்தனை மணி நேரம் சுழலப்போகிறது. தினம் 8 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள், பத்து ஆண்டு என்று வைத்தால் உங்கள் டிஸ்க் ஏற்கெனவே 24,000 மணி நேரம் ஓடியிருக்கிறது. இனி 24 மணி நேரமும் ஓட வைத்தால் அதே அளவு ஓட்டம் மூன்று ஆண்டுக்குள் முடிந்துவிடும்.

கடைசியாக, கூடவே வாங்க வேண்டியவை. கேபிள், பெட்டி, அடாப்டர், மின்கட்டணம். "சும்மா கிடக்கிற டிஸ்க்தானே" என்று தொடங்கும் வேலைகள் எல்லாம் இங்கேதான் பணம் கேட்கும்.

| வழி | டிஸ்க் எவ்வளவு நலமாக இருக்க வேண்டும் | மறைந்திருக்கும் செலவு | யாருக்குப் பொருந்தும் |
|---|---|---|---|
| பழைய விண்டோஸோடு அப்படியே துவக்குவது | மிக நன்றாக | உரிமம், வேகம், நேரம் | தற்காலிகமாக மட்டும் |
| கணினிக்குள் இரண்டாவது டிரைவ் | நன்றாக | மின் கேபிள், துவக்கப் பகுதிச் சிக்கல் | இடம் போதாத மேசைக் கணினி |
| வெளிப்பெட்டியில் காப்புப் பிரதி | நன்றாக | பெட்டி, 3.5 என்றால் அடாப்டர் | பெரும்பாலான வீடுகள் |
| வீட்டு நெட்வொர்க் சேமிப்பு | மிக நன்றாக | மின்சாரம், பராமரிப்பு | கற்க விருப்பமுள்ளவர்கள் |
| சிசிடிவி பதிவு | ஓரளவு | திடீரென நின்றுபோகும் வாய்ப்பு | இழந்தாலும் பரவாயில்லாத பதிவு |
| அழித்துவிட்டுக் கொடுப்பது | எப்படி இருந்தாலும் | சில மணி நேரம் | 05, சி5, சி6 ஏறியவை |

## பழைய விண்டோஸோடு அப்படியே துவக்குவது

புது மதர்போர்டில் பழைய டிஸ்க்கை மாட்டிப் பொத்தானை அழுத்தினால் விண்டோஸ் 10 பல நேரம் எழுந்துவிடும், தேவையான டிரைவர்களையும் தானே தேடிக்கொள்ளும். எழுந்துவிட்டது என்பதாலேயே பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள், அது வருத்தமானது. 7,200 சுற்று டிஸ்க் நேர்கோட்டில் படித்தால் விநாடிக்கு 150 எம்பி வரை தரும். விண்டோஸோ ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகளை அங்கொன்று இங்கொன்றாகக் கேட்கும். ஒவ்வொன்றுக்கும் ஊசிமுனை இடம் மாற வேண்டியிருப்பதால் அந்த வேகம் சில எம்பியாகச் சுருங்கிவிடும். புது செயலி வாங்கிய பணம் முழுக்க அந்தக் காத்திருப்பில் கரையும்.

உரிமமும் உண்டு. கணினியோடு சேர்ந்து வந்த ஓஇஎம் உரிமம் பழைய மதர்போர்டோடு கட்டப்பட்டது, புதியதுக்கு வராது. தனியாக வாங்கிய ரீட்டெய்ல் உரிமமாக இருந்தால், பிரிப்பதற்கு முன்பே மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்து வைத்தால் மாற்றிக்கொள்ளலாம். பழைய நிறுவல் எம்பிஆர் என்ற பழைய துவக்க வகையாக இருந்தால், யுஇஎஃப்ஐ என்ற புதிய துவக்க முறை மட்டுமே தெரிந்த புது மதர்போர்டுகள் அதைக் கண்டுகொள்ளவே மாட்டா. பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் குறியாக்க வசதி) பூட்டு இருந்தால் மதர்போர்டு மாறியதும் 48 இலக்க மீட்புக் குறியைக் கேட்கும். அதை முன்கூட்டியே எழுதி வைத்திருக்க வேண்டும்.

பழைய கணக்கு மென்பொருளை ஒருமுறை திறந்து டாலி தரவை எடுக்க வேண்டும் என்பது போன்ற தேவைக்கு ஒரு நாள் இப்படி ஓட்டலாம். அதற்கு மேல் வேண்டாம்.

## கணினிக்குள் இரண்டாவது டிரைவாக

விண்டோஸும் நிரல்களும் எஸ்எஸ்டியில், படங்களும் பாட்டும் பழைய டிஸ்க்கில் என்ற ஏற்பாடு இது. பெரும்பாலோர் முதலில் நினைப்பதும் இதைத்தான். 500 ஜிபி எஸ்எஸ்டி மட்டும் வாங்கியிருந்தால் 1 டிபி கூடுதல் இடம் உண்மையிலேயே உதவும். ஆனால் நான் பார்த்த விபத்துகளில் பாதிக்கு மேல் இந்த எளிய வழியில் நடந்தவை. அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகச் செல்ல வேண்டும்.

முதல் விபத்து என்னுடையது. சில ஆண்டுகளுக்கு முன் பவர் சப்ளையும் மாற்றினேன். பழையதும் மாடுலர் வகை, அதாவது கேபிள்களைத் தனியே கழற்றி மாட்டக்கூடியது. புதியதும் அதே வகை. டிஸ்க்குக்குப் போகும் சாட்டா மின் கேபிள் கேபினெட்டின் பின்புறம் அழகாகக் கட்டப்பட்டிருந்தது. அதைப் பிரிப்பானேன் என்று, பழைய கேபிளின் மறுமுனையைப் புதிய பவர் சப்ளையில் செருகினேன். கச்சிதமாகப் பொருந்தியது. பொத்தானை அழுத்தியதும் ஒரு சின்னச் சத்தம், கருகிய வாசனை. டிஸ்க் பக்கத்து முனை எல்லா நிறுவனத்துக்கும் ஒன்றுதான். பவர் சப்ளை பக்கத்து முனையில் எந்தக் கம்பியில் எத்தனை வோல்ட் என்பதற்குப் பொது விதியே கிடையாது. 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போய்விட்டது. அதில் அப்பாவின் மணிவிழா வீடியோ இருந்தது, வேறெங்கும் இல்லை. தரவு மீட்பவர் ஒருவர் டிஸ்க்கின் பச்சைப் பலகையைக் கழற்றி, அரிசி அளவு கறுப்பு டயோடு ஒன்றைக் காட்டினார். மின்னழுத்தம் மிஞ்சினால் தான் கருகி மற்றதைக் காப்பாற்றுவதற்காகவே வைத்த டயோடு அது. அதைப் பெயர்த்தெடுத்ததும் தட்டுகள் சுழன்றன. எனக்கு அதிர்ஷ்டம். ஆனால் அன்று கொடுத்த தொகைக்குப் புது டிஸ்க்கே வாங்கியிருக்கலாம். பவர் சப்ளை மாறினால் அதோடு வந்த கேபிளை மட்டும் பயன்படுத்துங்கள். நான்கு முனை மோலெக்ஸிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் மலிவான வார்ப்பு முனைகளையும் தவிர்த்துவிடுங்கள். உள்ளே கம்பிகள் நெருங்கி உருகித் தீப்பிடித்த சம்பவங்கள் பல உண்டு.

இரண்டாவது விபத்து சத்தமில்லாமல் நடக்கும். பழைய டிஸ்க் மாட்டியிருக்கும்போதே எஸ்எஸ்டியில் விண்டோஸ் நிறுவினால், டிஸ்க்கில் ஏற்கெனவே இருக்கும், கணினியை எழுப்பும் துவக்கப் பகுதியையே நிறுவி பயன்படுத்திக்கொள்வது உண்டு. எல்லாம் ஒழுங்காக ஓடும். ஓராண்டு கழித்து டிஸ்க் பழுதாகி அதைக் கழற்றினால், எஸ்எஸ்டி நலமாக இருந்தும் கணினி எழாது. நிறுவும்போது டிஸ்க்கின் கேபிளைக் கழற்றி வைப்பது ஒரு நிமிட வேலை. விண்டோஸ் எழுந்த பிறகு மாட்டிக்கொள்ளலாம்.

மாட்டிய பிறகு டிஸ்க் தெரியவில்லை என்றால் உடனே அது செத்துவிட்டதாக நினைக்க வேண்டாம். பல மதர்போர்டுகளில் எம்.2 இடத்தில் எஸ்எஸ்டி போட்டால் ஒன்றிரண்டு சாட்டா போர்ட்டுகள் (டிஸ்க்கின் கேபிளைச் செருகும் இடங்கள்) அணைந்துவிடும். எவை என்று கையேட்டில் இருக்கும். பழைய பயனர் கோப்புறை திறக்க மறுத்தால், உரிமையை உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

அன்றாடத் தொல்லை ஒன்றும் உண்டு. விண்டோஸ் இயல்பாக 20 நிமிடம் வேலையில்லாத டிஸ்க்கை உறங்க வைக்கும். பிறகு ஏதாவது ஒரு கோப்பைச் சேமிக்கப் போனால், டிஸ்க் மறுபடி சுழன்று எழும் வரை சில விநாடிகள் திரை உறைந்து நிற்கும். விளையாட்டுகளை அதில் வைக்கலாமா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். பழைய விளையாட்டுகள் ஓடும். 2023இல் வந்த ஸ்டார்ஃபீல்ட் குறைந்தபட்சத் தேவையிலேயே எஸ்எஸ்டி கேட்டது. இனி வருபவை பலவும் அப்படித்தான்.

இந்த வழி நல்லது எப்போது? டிஸ்க் நலமாக இருந்து, அதில் வைப்பவற்றுக்கு வேறு பிரதியும் இருக்கும்போது. படங்களின் ஒரே இருப்பிடமாக இதை ஆக்கினால், பழைய ஆபத்தைப் புதுப் பெட்டிக்குள் மாற்றி வைத்ததுதான் மிச்சம்.

## வெளிப்பெட்டியில் போட்டுக் காப்புப் பிரதியாக

என்னைக் கேட்டால் பெரும்பாலான வீடுகளுக்கு இதைத்தான் சொல்வேன். காரணம், இங்கே டிஸ்க் மாதத்துக்கு ஒரு மணி நேரம்தான் சுழல்கிறது. மற்ற நேரம் பீரோவில் தூங்குகிறது. மின்னல் வெட்டினாலும், கணினியில் வைரஸ் புகுந்தாலும் அதைத் தொட முடியாது. 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வானாக்ரை வைரஸ் பரவியபோது, கணினியோடு இணைந்திருந்த டிரைவ்களையும் சேர்த்தே அது பூட்டியது. கழற்றி வைத்திருந்த டிஸ்க்குகள் தப்பின. மின்சாரமின்றி நீண்ட நாள் கிடந்தால் எஸ்எஸ்டியின் சேமிப்பு மெல்லக் கசியக்கூடும். காந்தத்தில் எழுதிய டிஸ்க் ஆண்டுக்கணக்கில் அப்படியே இருக்கும். பழைய தொழில்நுட்பம் புதியதை விஞ்சும் இடம் இது.

2.5 அங்குல டிஸ்க்குக்கு யுஎஸ்பி 3 பெட்டி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். நான்கு திருகு, ஐந்து நிமிட வேலை. 3.5 அங்குலத்துக்குச் செலவு கூடும். 12 வோல்ட் அடாப்டரோடு வரும் பெட்டியாகவே வாங்க வேண்டும், ஏனெனில் யுஎஸ்பி போர்ட் 5 வோல்ட்தான் தரும். அந்த அடாப்டர் தொலைந்தால் ரவுட்டரின் அடாப்டர் முனையும் பெரும்பாலும் பொருந்திவிடும், ஆனால் மாட்டாதீர்கள். டிஸ்க் சுழலத் தொடங்கும் கணத்தில் சுமார் 2 ஆம்பியர் கேட்கும். 1 ஆம்பியர் அடாப்டரில் தட்டுகள் எழ முயன்று எழ முயன்று நிற்கும், அந்தச் சத்தத்தைக் கேட்டு டிஸ்க் போய்விட்டது என்று நினைப்பவர்கள் உண்டு. அடாப்டர் மேல் ஒரு டேப் ஒட்டி "டிஸ்க்குக்கு உரியது" என்று எழுதி வையுங்கள்.

யுஎஸ்பி 2 பெட்டியை விலை குறைவு என்று வாங்க வேண்டாம். அது விநாடிக்கு 35 எம்பி அளவில் நிற்கும். 500 ஜிபி நகலெடுக்க நான்கு மணி நேரம் ஆகும். யுஎஸ்பி 3 என்றால், டிஸ்க்கே 100 எம்பி தந்தாலும் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடியும். நான்கு மணி நேரம் ஆகும் வேலையை யாரும் மாதாமாதம் செய்ய மாட்டார்கள் என்பதுதான் இங்கே முக்கியம்.

விண்டோஸ் கணினி மட்டும் இருக்கும் வீட்டில் என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மேட் செய்யுங்கள். எக்ஸ்ஃபேட் என்ற இன்னொரு முறை எல்லா இடத்திலும் திறக்கும், மேக்கிலும் எழுதும். ஆனால் எழுதிக்கொண்டிருக்கும்போது கேபிள் பிடுங்கப்பட்டாலோ மின்சாரம் போனாலோ மீண்டெழ உதவும், மாற்றங்களைப் பதிந்து வைக்கும் குறிப்பேடு அதற்குக் கிடையாது.

எடுத்து வைக்கும் முறையிலும் கவனம் வேண்டும். கணினியில் பாதுகாப்பாக நீக்கிய பிறகும் தட்டுகள் சில விநாடிகள் சுழன்றுகொண்டிருக்கும். உடனே கையில் எடுத்துத் திருப்பினால், பம்பரம் போல ஓர் எதிர்விசை உள்ளங்கையில் தெரியும். அது அடங்கும் வரை மேசையிலேயே இருக்கட்டும். கடற்கரை ஊர்களில் ஈரப்பதம் அதிகம், காலணிப் பெட்டியில் வரும் சிலிக்கா பொட்டலம் ஒன்றை உள்ளே போட்டு மூடி வையுங்கள்.

## வீட்டு நெட்வொர்க் சேமிப்பாக

ரவுட்டரின் யுஎஸ்பி போர்ட்டில் டிஸ்க்கை மாட்டி வீடு முழுக்கப் பகிர்வது ஒரு வகை. மிஞ்சிய பழைய மதர்போர்டையும் சேர்த்து ஓப்பன்மீடியாவால்ட் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவித் தனிச் சேமிப்புக் கணினி ஆக்குவது இன்னொரு வகை.

ரவுட்டர் வழி எளிது போலத் தோன்றும். பழைய ரவுட்டர்கள் பல எஸ்எம்பி என்ற கோப்புப் பகிர்வு மொழியின் முதல் பதிப்பை மட்டுமே பேசும். விண்டோஸ் 10இன் 1709 பதிப்பிலிருந்து மைக்ரோசாஃப்ட் அதை இயல்பாக நிறுவுவதில்லை. வானாக்ரை புகுந்த வாசல் அதுதான். ரவுட்டருக்காக அந்த வாசலைத் திறந்து வைப்பது தகாது.

பழைய கணினி வழியில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது, பிள்ளைகளுக்குச் சொல்லித்தரவும் நல்ல வேலை. மின்சாரத்தைக் கணக்கிடுங்கள். சும்மா இருக்கும்போதே 40 வாட் இழுத்தால், இரண்டு மாதக் கணக்கெடுப்பில் ஏறக்குறைய 58 யூனிட் ஆகும். தமிழ்நாட்டில் அடுக்கு மாறினால் யூனிட் விலையும் ஏறும் என்பதால், எல்லையில் நிற்கும் வீட்டுக்கு இது சின்னத் தொகை ஆகாது. தேவைப்படும் நேரத்தில் மட்டும் ஓட்டினால் தாங்கும்.

பழைய டிஸ்க்குகள் இரண்டை ரெய்டு அமைப்பில் (பல டிஸ்க்குகளை ஒன்றாக நடத்தும் முறை) இணைக்க நினைப்பவர்கள் மாடல் எண்ணைத் தேடிப் பாருங்கள். தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஓடு வேய்ந்ததுபோல் படியும் எஸ்எம்ஆர் வகை, ரெய்டை மீண்டும் கட்டும்போது திணறிவிடும். வெஸ்டர்ன் டிஜிட்டல், நெட்வொர்க் சேமிப்புக்கென்று விற்ற தன் ரெட் வரிசையிலேயே சில மாடல்கள் அவ்வகை என்று 2020 ஏப்ரலில்தான் ஒப்புக்கொண்டது.

## சிசிடிவி பதிவுக்கு

3.5 அங்குல டிஸ்க், கேமராக் காட்சிகளைப் பதியும் டிவிஆர் பெட்டியில் நேராகப் பொருந்தும். மாட்டியதும் பெட்டி அதை ஃபார்மேட் செய்யச் சொல்லும். உள்ளே இருந்தவை எல்லாம் போய்விடும். ஒரு கேமரா விநாடிக்கு 4 மெகாபிட் எழுதினால் நாளுக்கு 43 ஜிபி. நான்கு கேமராவுக்கு 1 டிபி ஆறு நாள்கூட வராது. வீடியோவைச் சுருக்கும் எச்.265 வசதி இருந்து பிட் அளவைப் பாதியாக்கினால் பதினொரு நாள் வரும்.

இரவு பகல் ஓயாமல் எழுதுவதற்கென்றே தனி டிஸ்க்குகள் விற்கிறார்கள். உங்கள் பழைய டிஸ்க் அதற்குப் பிறந்ததில்லை. மாட்டுக் கொட்டகைக்கும் மோட்டார் அறைக்கும் போதும். நகைக் கடைக்கும் வீட்டு வாசலுக்கும் போதாது. அது நின்றுபோன செய்தி, திருட்டு நடந்த மறுநாள் பதிவைத் தேடும்போதுதான் தெரியவரும்.

## அழித்துவிட்டுக் கொடுப்பது

05, சி5, சி6 ஆகியவற்றில் ஒன்று ஏறியிருந்தாலும், டிக் டிக்கென்று ஒரே சீரான சத்தம் வந்தாலும் மேலே சொன்ன வழிகள் எதுவும் வேண்டாம். எடுக்க வேண்டியதை எடுத்துவிட்டு விடை கொடுங்கள். நலமான டிஸ்க்கைத் தெரிந்த மாணவருக்குக் கொடுப்பதும் நல்லதுதான், சொல்லிக் கொடுங்கள்: இத்தனை மணி நேரம் ஓடியது, இதை மட்டும் நம்பாதே என்று.

எப்படிக் கொடுத்தாலும் முழுக்க அழித்துவிட்டுக் கொடுங்கள். டெலீட் செய்தாலும், விரைவு ஃபார்மேட் செய்தாலும் அட்டவணைதான் போகும். ஆதார் நகலும் வங்கிப் பாஸ்புத்தகப் படமும் அப்படியே கிடக்கும், இலவச மீட்பு நிரலே வெளியே எடுத்துவிடும். விண்டோஸில் ஃபார்மேட் செய்யும்போது "விரைவு" என்ற குறியை எடுத்துவிட்டால் போதும். விஸ்டாவுக்குப் பிந்தைய பதிப்புகளில் முழு ஃபார்மேட் எல்லா இடத்திலும் சுழியத்தை எழுதிவிடும். விநாடிக்கு 100 எம்பி என்றால் 1 டிபிக்கு ஏறக்குறைய இரண்டே முக்கால் மணி நேரம். டிஸ்க் பல பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டிருந்தால், விண்டோஸோடு வரும் டிஸ்க்பார்ட் என்ற கட்டளை நிரலில் "கிளீன் ஆல்" கட்டளை மொத்தமாக முடித்துவிடும். அதற்கு முன் தேர்ந்தெடுத்த டிஸ்க்கின் எண் சரிதானா என்று இருமுறை பாருங்கள். டிஸ்க் 0 என்பது உங்கள் புது எஸ்எஸ்டியாக இருக்கக்கூடும். பயமாக இருந்தால் எஸ்எஸ்டியைக் கழற்றி வைத்துவிட்டு, பென்டிரைவிலிருந்து துவக்கிச் செய்யுங்கள்.

உயிரே இல்லாத டிஸ்க்கை அழிக்க முடியாது, உடைக்கத்தான் வேண்டும். மேசைக் கணினி டிஸ்க்கின் தட்டுகள் பொதுவாக அலுமினியம், நட்சத்திர முனைத் திருப்புளியால் மூடியைத் திறந்து வளைத்துவிடலாம். லேப்டாப் டிஸ்க்கில் பெரும்பாலும் கண்ணாடித் தட்டு. சுத்தியலால் அடித்தால் தூளாகத் தெறிக்கும். கண்ணாடி அணிந்து, துணியில் சுற்றி அடியுங்கள், குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம். உள்ளே இருக்கும் இரண்டு காந்தங்கள் நியோடிமியம். ஒன்றையொன்று இழுக்கும்போது நடுவில் விரல் மாட்டினால் தோல் கிழியும்.

காயலான் கடைக்கு எடை போடுவதற்குப் பதிலாகப் பதிவு பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் கொடுங்கள். மின்கழிவு மேலாண்மை விதிகள், 2022 என்பவை 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கின்றன. கணினித் தயாரிப்பாளர்களுக்குத் தங்கள் பொருள்களின் மறுசுழற்சிப் பொறுப்பை அவை விதித்திருக்கின்றன. பல நிறுவனங்கள் தங்கள் இணையதளத்திலேயே சேகரிப்பு மையங்களைப் பட்டியலிடுகின்றன. பழைய ரேம், செயலி, பவர் சப்ளை எல்லாவற்றையும் அதே பையில் போட்டுவிடலாம். அந்தப் பழைய பவர் சப்ளையின் கேபிள்களையும் சேர்த்தே போடுங்கள், வீட்டில் ஒன்றுகூட மிஞ்ச வேண்டாம்.